கடாரம் கண்டோம்

இராசேந்திர சோழனுக்குக் ‘கடாரங்கொண்டான்’ என்றொரு பட்டம் உண்டென்பதை இந்நாட்டுத் தமிழருள் அறியாதார் அரியர். மேடையேறும் பேச்சாளர் அதனைக் கூறாது இறங்குவதில்லை. கேட்போரும் கைதட்டாது இருப்பதில்லை. தோட்டத்துப் பொங்கல் விழாவாயினும் சரி, பட்டணத்து மண்டபமாயினும் சரி, 1025-ஆம் ஆண்டும் சோழன் கடற்படையும் ஒரு முறை நம் முன் வந்தே செல்லும். ஆனால் அந்தக் கடாரம் எங்கே இருக்கிறது, அங்கே இப்போது நிற்பது எது, நின்று மறைந்தது எது என்று கேட்டால், கைதட்டியவருள் பத்தில் ஒருவராவது வாய் திறப்பரோ என்பது ஐயமே. பிறரைக் குறை கூறுவானேன்? சுங்கை பட்டாணியில் நாற்பது ஆண்டுகளாகக் குடியிருந்தும், அங்கிருந்து அரைமணி நேரப் பயணத்தில் இருக்கும் அவ்விடத்தைச் சென்ற திங்கள் வரை நாமே மிதித்ததில்லை.

இதனைச் சொல்ல நமக்கு வெட்கமாகவே இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் இறுதியில், சுங்கை பத்துத் தோட்ட நிலத்தில் இருந்த பதினோராம் எண் சண்டி, நிலத்தைச் சமன்படுத்தியபோது இடித்துத் தள்ளப்பட்டுவிட்டது என்ற செய்தி வெளிவந்ததை வாசகர்கள் மறந்திரார். பழைய கோயில்களின் சிதைவுகளை இந்நாட்டார் ‘சண்டி’ என்பர். அச்செய்தி வந்த நாளில் நாமும் கொதித்தோம். கடைத்தெருவில் நின்று உரக்கப் பேசினோம். யாருக்கோ ஒரு கண்டனக் கடிதமும் எழுதினோம். ஆயிரம் ஆண்டுகளைக் கடந்ததென்று சொல்லப்பட்ட ஒன்று போயிற்றே என்று நம் வீட்டில் ஒருநாள் சோறு இறங்கவில்லை. அது இருந்த காலத்தில் ஒரு நாளேனும் சென்று பார்த்ததுண்டா என்று நம் மகள் கேட்டாள். விடை கூற நம்மிடம் ஒன்றும் இல்லை.

அக்கேள்வி ஆண்டுக்கணக்காய் உள்ளே கிடந்து உறுத்தியதன் பயனே இப்பயணம். நம் ஊர் வாசகசாலை அன்பர்கள் ஒரு பஸ் அமர்த்தி, நாற்பது பேரைச் சேர்த்து, ஒரு பகற்பொழுதில் பார்த்துத் திரும்பும்படி ஏற்பாடு செய்தார்கள். புதைபொருள் ஆராய்ச்சி பயின்ற மலாய் இளைஞர் ஒருவர் வழிகாட்டியாக வந்தார். வந்தவருள் பள்ளி மாணவர் சிலர், கடைக்காரர் சிலர், தோட்டப்புறத்தில் வளர்ந்து பட்டணம் பெயர்ந்தவர் பலர். எண்பதை எட்டிய பெரியவர் ஒருவர், பால்மரம் வெட்டிக் காய்த்த கையோடு, முன்வரிசையில் அமர்ந்திருந்தார். ‘கடல் புறா’ நாவலை மூன்று முறை படித்ததாகக் கூறிய இளைஞர் ஒருவர் பஸ் புறப்பட்டதிலிருந்தே சோழர் புகழ் பாடிக்கொண்டு வந்தார். பீடோங்கைக் கடந்து செமலிங் வரும் வரையில் ஓயவில்லை.

செமலிங்கை அணுகும்போதே ஜெராய் மலை வலப்புறத்தில் எழுந்து நிற்கிறது. ஏறத்தாழ 4,000 அடி உயரம். சுற்றிலும் வயலும் செம்பனையும் தாழ்ந்து கிடக்க, இது ஒன்றே தனித்து நிற்பதால் கடலில் நெடுந்தொலைவிலிருந்தே கண்ணுக்குப் புலனாகும். திசைகாட்டும் கருவி இல்லாத காலத்தில், வங்கக் கடலைக் குறுக்கே கடந்து வந்த மாலுமிக்கு இம்மலை முகட்டைக் கண்டதும் எத்தகைய ஆறுதல் பிறந்திருக்கும்! மலையின் தெற்கே மெர்போக் ஆறும், அதற்கும் தெற்கே மூடா ஆறும் கடலில் கலக்கின்றன. இவ்விரண்டையும் சார்ந்த நிலப்பரப்பே பூஜாங் பள்ளத்தாக்கு. இன்று உள்நாட்டு வயலாகக் காட்சி தரும் பல இடங்கள் அக்காலத்தில் கடலின் கழிமுகமாகவும் கப்பல் ஒதுங்கும் துறையாகவும் இருந்தன என்று ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். ஆற்று வண்டல் படியப் படியக் கரை விலகிற்று. கப்பல் நின்ற இடத்தில் நெல் விளைகிறது.

முதலில் நாம் இறங்கிய இடம் சுங்கை பத்து. கோபுரம், சிலை, தூண் என்று எதிர்பார்த்து வந்தோர்க்கு ஏமாற்றமே. கண்முன் தோன்றியவை செங்கல் அடுக்குகளும், கூரையிட்ட அகழ்வுக் குழிகளும், கறுத்த இரும்புக் கசடும், களிமண்ணால் செய்த குழாய்த் துண்டுகளுமே. அவை துருத்தியிலிருந்து உலைக்குள் காற்றைச் செலுத்திய ஊதுகுழல்கள். அவை குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. மலேசிய அறிவியற் பல்கலைக்கழகத்தார் 2009-ஆம் ஆண்டு முதல் இங்கே தொடர்ந்து அகழ்ந்து, இரும்பு உருக்கிய உலைக்களங்களையும், ஆற்றங்கரையில் செங்கல்லால் கட்டிய படகுத் துறைகளையும், வட்டமான அடித்தளத்தின் மேல் சதுரமாக எழுப்பிய ஒரு வழிபாட்டு மேடையையும் வெளிப்படுத்தியிருக்கின்றனர். இம்மேடை இந்து சமயத்தைச் சார்ந்ததும் அன்று, பௌத்தத்தைச் சார்ந்ததும் அன்று, அவற்றிற்கு முற்பட்ட இந்நாட்டு மக்களின் வழிபாட்டுக்குரியதாகலாம் என்று அவர்கள் கருதுகின்றனர். காலத்தைக் கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கமென முதலில் கூறினர். பின்னர் கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டு முற்பட்டதென்றும் கூறினர். இக்கணக்கைப் பற்றி அறிஞரிடையே வழக்கு இன்னும் தீரவில்லை. ஆயினும் சோழர் கடற்படைக்கு மிகவும் முற்பட்டது இவ்வூர் என்பதில் வழக்கு இல்லை.

“அப்படியானால் இதைக் கட்டியவர் யார்?” என்று சோழர் புகழ் பாடி வந்த இளைஞர் கேட்டார். “இங்கே இருந்தவர்கள்” என்றார் வழிகாட்டி. இளைஞரின் முகம் சற்றே வாடிற்று. நமக்கோ அந்த விடை மிகவும் பிடித்தது. இரும்பை வாங்க வந்தவர் பலர்; உலையின் முன் வெந்தவர் இம்மண்ணின் மக்கள். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவில் வந்து குவிந்த பொருள்களுள் காழகத்துப் பொருளும் பேசப்படுகிறது. காழகம் என்பது கடாரம் என்று உரைகண்டார் நச்சினார்க்கினியர். அப்பொருள் இன்னது என்று புலவர் கூறாவிட்டாலும், இங்கிருந்து ஏற்றுவதற்குப் பொருள் இருந்தது என்பதை இந்தக் கறுத்த கசடு சொல்லாமற் சொல்லுகிறது.

அங்கிருந்து மெர்போக் வழியாகப் பொருட்காட்சிச் சாலைக்குச் சென்றோம். 1980-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இச்சாலை ஜெராய் மலையின் அடிவாரத்தில், ஓர் ஓடையின் அருகே அமைந்திருக்கிறது. உள்ளே பிள்ளையார் உருவத்தின் சிதைவு, லிங்கம், ஆவுடை, அபிடேக நீர் வழியும் கோமுகி, புத்தர் உருவங்கள், நிறம் மங்காத மணிகள், சீனத்துப் பீங்கான் ஓடுகள், அரபு நாட்டார் வழி வந்த கண்ணாடித் துண்டுகள் எல்லாம் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. பீங்கானும் கண்ணாடியும் பெரும்பாலும் அருகிலுள்ள பெங்கலான் பூஜாங் துறையிற் கிடைத்தவை. 11-ஆம் நூற்றாண்டு முதல் சில நூற்றாண்டுகள் அத்துறை செழித்திருந்தது. பிற இடங்களில் அழியும் நிலையில் இருந்த சில சண்டிகளைக் கல் கல்லாகப் பெயர்த்து வந்து இவ்வளாகத்தில் மீண்டும் அடுக்கியிருக்கிறார்கள். சில செங்கல்லாலானவை, சில செம்புறைக் கல்லும் ஆற்றுக் கல்லும் கலந்தவை.

ஆனால் இடம் பெயராமல் தன் சொந்த நிலத்திலேயே நிற்பது புக்கிட் பத்து பகாட் சண்டி. எட்டாம் எண் என்று அதனைக் குறிப்பர். இவ்வெண்களை இட்டவர் குவாரிச் வேல்ஸ் என்னும் ஆங்கிலேய ஆராய்ச்சியாளர். 1936, 1937-ஆம் ஆண்டுகளில் அவர் தம் மனைவியாருடன் இக்காடுகளில் அலைந்து, முப்பது இடங்களைக் கண்டு குறித்தார். பின்னர் 1959, 1960-ஆம் ஆண்டுகளில் அலஸ்டேர் லாம் என்பார் இதனை மீண்டும் அகழ்ந்து, சரிந்து கிடந்த கற்களை அவற்றின் இடத்தில் நிறுத்தினார். இன்று நாம் காண்பது அவ்வாறு நிறுத்தப்பட்ட உருவமே.

கல்லாலான சதுர அடித்தளத்தின் மேல் கருவறையின் தாழ்ந்த சுவர். அதன் முன்னே நீண்ட மண்டபத்தின் மேடை. மேடையில் வரிசையாகத் தூண் நிறுத்தும் கற்பாதங்கள். தூண்கள் இல்லை, கூரையும் இல்லை. அவை மரத்தாலானவை ஆகையால் மண்ணோடு மண்ணாயின. நம் நாட்டுப் பெருங்கோயிலைக் கண்டு பழகிய கண்ணுக்கு இது சிறியதே. தஞ்சைப் பெரிய கோயிலின் ஒரு மூலையில் இதனை ஒளித்து வைத்துவிடலாம். எனினும், அங்கு ஒரு நாழிகை அமர்ந்திருந்தால் இதன் சிறப்பு மெல்ல விளங்கும். ஓடை காலடியில் சலசலக்கிறது. மேலே மழைக்காடு. கல்லை மலையிலிருந்தும் ஓடையிலிருந்தும் எடுத்திருக்கிறார்கள். ‘பத்து பகாட்’ என்றாலே உளியாற் செதுக்கிய கல் என்றுதான் மலாய் மொழியிற் பொருள். இக்கோயிலில் எழுந்தருளியிருந்த கடவுளின் பெயர் மறைந்தது. கட்டுவித்த அரசனின் பெயரும் மறைந்தது. உளி பிடித்தவனின் தொழில் மாத்திரம் ஊர்ப் பெயராகி ஆயிரம் ஆண்டு நிற்கிறது! இதற்கு நிகரான ஒரு பெயர் வேறெங்கேனும் உண்டோ, நாம் அறியோம்.

அடித்தளத்தின் கீழே குழிகள் குடைந்த கருங்கற் பேழைகள் கிடைத்தன. அவற்றுள் செப்புக் கலம், பொற்றகடு, மணிக்கற்கள் முதலியன வைத்து மூடியிருந்தனர். கட்டடம் எழுப்பும் முன் கருப்பத்தில் பொன்னும் மணியும் வைக்கும் வழக்கம் இந்தியாவின் சிற்ப நூல்கள் அறிந்ததே. இது சைவ வழிபாட்டுக்குரிய கோயில் என்றும் 10, 11-ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்றும் பலர் கருதுவர். நூல் முறை அங்கிருந்து வந்தது. ஆனால் மரத்தூணும் மரக்கூரையும் இந்நாட்டுக் கட்டட வழக்கு. தமிழ்நாட்டுத் தச்சன் வந்து தன் ஊர்க் கோயிலை அப்படியே எடுத்து வைத்தான் என்று கூற இடமில்லை. வந்த கருத்தை இருந்த கை தனக்கேற்ப வனைந்துகொண்டது.

நிற்க. குவாரிச் வேல்ஸ் தம் ஆராய்ச்சியை 1940-ஆம் ஆண்டு வெளியிட்டபோது, இவையெல்லாம் இந்தியர் அலை அலையாக வந்து குடியேற்றம் நிறுவியதன் அடையாளம் என்று எழுதினார். ஆங்கிலேயர் தாம் ஆளும் நாடுகளைக் குடியேற்ற நாடு என்று அழைத்துப் பழகிய காலம் அது. கடல் கடந்து வருபவன் ஆள வருகிறான், கரையில் இருப்பவன் ஆளப்படக் காத்திருக்கிறான் என்பதே அவர்கள் கண்ட உலகம். அக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட கெடாவையும் பார்த்தனர். பின்வந்த ஆராய்ச்சியாளர், இந்நாட்டு ஆராய்ச்சியாளர் உட்பட, அக்கொள்கையை ஏற்கவில்லை. வியப்பு என்னவெனில், வெள்ளையன் விட்டெறிந்த அந்தக் கண்ணாடியை நம் மேடைப் பேச்சாளர் பொறுக்கியெடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருக்கின்றனர். குடியேற்ற ஆட்சியின் கீழ் வரிசை வீடுகளில் மூன்று தலைமுறை கிடந்து உழன்ற நாம், ‘நாமும் ஒரு காலத்தில் குடியேற்ற ஆட்சி செய்தோம்’ என்று மார்தட்டுவது எந்த வகையில் மானமாகும் என்பது நமக்கு விளங்கவில்லை.

வந்தவர் தமிழர் மாத்திரமும் அல்லர். 1834-ஆம் ஆண்டு ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கிலேய அதிகாரி செபராங் பிறையில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். 5-ஆம் நூற்றாண்டின் வடமொழி எழுத்து அதில் இருக்கிறது. புத்தகுப்தன் என்னும் மாநாவிகன், அதாவது பெருமாலுமி, தன் பயணம் நலமுற வேண்டிப் பொறித்தது. அவன் ஊர் இரத்தமிருத்திகை, அதாவது செம்மண்ணூர்; அது வங்காளத்தில் உள்ளதென்பர் அறிஞர் பலர். தமிழ் வணிகர் தாமே பொறித்த கல்வெட்டைத் தேடுவோர் வடக்கே சயாம் நாட்டுத் தக்குவாபாவுக்கும், மேற்கே சுமத்திராவின் பாரூஸுக்கும் செல்ல வேண்டும். தக்குவாபாவில் 9-ஆம் நூற்றாண்டில் குளம் ஒன்று தோண்டி மணிக்கிராமத்தார் காவலில் விட்ட செய்தி இருக்கிறது. பாரூஸில் 1088-ஆம் ஆண்டு ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர் நாட்டிய கல் இருக்கிறது. குளம் தோண்டியதும் வணிகம் செய்ததும் படையெடுத்ததற்கு எவ்வகையில் தாழ்ந்தன? ஆயினும் மணிக்கிராமத்தார் பெயரை எந்த மேடையிலும் நாம் கேட்டதில்லை.

இனி, 1025-ஆம் ஆண்டுக்கு வருவோம். அதனை நாம் மறுக்கவில்லை. இராசேந்திரன் கப்பற்படை அனுப்பினான். கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பிடித்தான். யானைகளையும் மணி பதித்த வாயிலையும் கவர்ந்தான். வென்ற ஊர்களின் பட்டியலைத் தஞ்சைக் கல்வெட்டில் பொறித்தான். யாவும் மெய். ஆனால் அதற்கு இருபது ஆண்டு முன்னர் நடந்தது என்ன?

இராசராசன் ஆட்சியின் 21-ஆம் ஆண்டில், அதாவது 1005-ஐ ஒட்டி, கடாரத்து அரசன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எழுப்பினான். அவ்விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இராசராசன் இறையிலியாக்கிக் கொடுத்தான். தந்தை சொல்லிச் சென்ற அந்தக் கொடையைச் செப்பேட்டில் நிலைபெறச் செய்தவன் வேறு எவனும் அல்லன், பின்னாளில் கடாரம் கொண்ட அதே இராசேந்திரனே. லெய்டன் செப்பேடு என்று பெயர் பெற்ற அவ்வேட்டில் இவை யாவும் உள்ளன. சைவனாகிய சோழன், கடல் கடந்த அரசன் கட்டிய பௌத்தப் பள்ளிக்குத் தமிழ் உழவர் விளைத்த நெல்லை ஈந்தான். படையெடுப்பு நிகழ்ந்து அறுபத்தைந்து ஆண்டுக்குப் பின், 1090-ஆம் ஆண்டு, கடாரத்து அரசனின் தூதர் வந்து வேண்ட, முதற் குலோத்துங்கன் அதே பள்ளியின் நிலங்களுக்கு மீண்டும் உரிமை வழங்கினான். அதையும் ஒரு செப்பேடு கூறுகிறது. கொண்டான் என்பதற்குச் சான்று உண்டு. இருந்து ஆண்டான் என்பதற்கு இல்லை. இடையில் ஒரு போர்; அதற்கு முன்னும் பின்னும் நூறாண்டு உறவு. போரை மாத்திரம் எடுத்துக்கொண்டு உறவை விட்டுவிடுவது, பழத்தை எறிந்து கொட்டையை விழுங்குவதற்கு ஒப்பாகும்.

நாகப்பட்டினத்துக்கும் கெடாவுக்கும் உள்ள தொடர்பு சோழர்க்கும் முற்பட்டது. 7-ஆம் நூற்றாண்டில் வூ ஷிங் என்னும் சீனத் துறவி குளிர்காலத்தின் இறுதியில் கெடாவிற் கப்பலேறி, மேற்கு நோக்கி முப்பது நாள் சென்று நாகப்பட்டினம் சேர்ந்தார் என்று ஈ சிங் எழுதி வைத்திருக்கிறார். அதே வழியாக, திசை மாறி, நம் முன்னோர் வந்தனர். 1926-இற் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிப் பினாங்கில் இறக்கியதை நம் வீட்டு முதியோர் கூறக் கேட்டிருக்கிறோம். முப்பது நாட்பயணம் ஒரு வாரமாகக் குறைந்தது, அவ்வளவே வேறுபாடு. நாகப்பட்டினத்திற் கப்பல் ஏறியவருள் எத்தனை பேர் கடாரத்தரசன் கட்டிய விகாரத்தின் பெயரைக் கேட்டிருப்பர்? கேட்டிருந்தாலும் பார்த்திருக்க முடியாது. செங்கற் கோபுரமாக எஞ்சி, கடலோடிகளுக்கு அடையாளமாக நின்ற அதன் மிச்சத்தை, பாதிரிமார் தம் கல்விச்சாலைக் கட்டடத்துக்காக 1867-ஆம் ஆண்டு சென்னை அரசாங்கத்தாரின் அனுமதியோடு இடித்துவிட்டனர். அச்சுற்றுப்புறத்து மண்ணிலிருந்து 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் வரை கிடைத்தன. கட்டடம் மாத்திரம் இல்லை.

கடாரத்தான் தமிழ்நாட்டில் கட்டியது 1867-இல் போயிற்று; தமிழ்நாட்டுக் கருத்தைத் தாங்கிக் கடாரத்தில் நின்றவற்றுள் ஒன்று 2013-இல் போயிற்று. இரண்டிலும் இடித்தவர் ஒளிந்து இடிக்கவில்லை. அங்கே அரசாங்க அனுமதி இருந்தது. இங்கே நிலம் தனியாருடையது, சண்டி பாதுகாக்கப்பட்ட இடமாக அரசாங்க இதழில் அறிவிக்கப்படவில்லை என்று காரணம் கூறப்பட்டது. நாட்டிலே 2005-ஆம் ஆண்டு முதல் மரபுடைமைச் சட்டம் இருக்கிறது. ஆனால் அறிவிக்கப்படாத கல்லைச் சட்டம் எவ்வாறு அறியும்? வேல்ஸ் எண்ணிட்டு எழுபது ஆண்டுக்கு மேலாகியும் அவ்வெண் ஏட்டிலேயே நின்றுவிட்டது.

பொருட்காட்சிச் சாலையின் முற்றத்தில் சோற்றுப் பொட்டலம் பிரித்து உண்டபோது, முன்வரிசைப் பெரியவர் உண்ணாமல் ஒரு செங்கல் அடுக்கையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டோம். அவர் பிறந்து வளர்ந்தது இப்பகுதித் தோட்டமொன்றில். அவர் சிறுவனாக இருந்தபோது, லயத்துக்குப் பின்னாலிருந்த மேட்டில் இத்தகைய செங்கற்கள் கிடந்தனவாம். நம் செங்கல்லைவிடப் பெரியவை, கனமானவை. ‘பழைய கல்லு’ என்றே எல்லாரும் அழைத்தனர். அதில் ஒன்றை யாரோ மரத்தடியில் நட்டுக் குங்குமம் வைத்து முனியாண்டி என்று கும்பிட்டனர். மற்றவை?

“மத்ததையெல்லாம் ஆளுக்கு நாலா எடுத்துட்டோம், தம்பி. எங்கம்மா சொல்லி நானும் நாலு கல்லு தூக்கியாந்து அடுப்பு வச்சேன். நாகப்பட்டணத்துல கப்பலேறி வந்தவ எங்கம்மா. அந்த அடுப்புலதான் எங்க வீட்டுல எல்லாருக்கும் சோறு பொங்குச்சு. இன்னிக்குத்தானே தெரியுது, அது என்ன கல்லுன்னு” என்றார்.

சுற்றியிருந்தோர் வாயடைத்துப் போயினர். சோழர் புகழ் பாடிய இளைஞர், “என்ன ஐயா, இப்படிச் செய்துவிட்டீர்களே!” என்று கடிந்துகொள்ள முற்பட்டார். பெரியவர் தலை குனிந்தார். நமக்கு அது பொறுக்கவில்லை. ஐந்து மணிக்குப் பெரட்டுக்கு நின்று, வெயில் ஏறும் வரை வெட்டி, பால் தூக்கி, கிராணியிடம் ஏச்சு வாங்கி, லயத்துக்குத் திரும்பிச் சோறு பொங்கியவரிடம் இது இன்ன கல், இன்ன நூற்றாண்டு என்று எவர் சென்று கூறினார்? வேல்ஸ் துரை நூல் எழுதினார். அது தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வந்ததில்லை. நம் எழுத்தாளர் எழுதினர். அவர்கள் அரசனைப் பற்றி எழுதினர். இதனை அவ்விளைஞரிடம் சற்றுக் கடுமையாகவே கூறிவிட்டோம். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

பேசியது என்னவென்று வழிகாட்டி கேட்டறிந்தார். பெரியவர் அருகே வந்து அமர்ந்து, “பாக்சிக், வருந்தாதீர்கள். எங்கள் கம்பத்தில் என் பாட்டியின் வீட்டுப் படிக்கட்டே அந்தக் கல்தான். நான் பல்கலைக்கழகம் சென்று திரும்பிய பிறகே எனக்கும் தெரிந்தது” என்று மலாய் மொழியிற் கூறிச் சிரித்தார். பெரியவரும் சிரித்துவிட்டார். அதன்பின் இருவரும் ஒரு பொட்டலத்தைப் பகிர்ந்து உண்டனர். அடுப்பும் படிக்கட்டும் ஆன கற்கள் போனாலும் ஒரு வீட்டுக்குப் பயன்பட்டுப் போயின. இயந்திரம் கொண்டு ஒரே பகலில் வாரித் தள்ளியதை அத்தோடு ஒன்றாக எண்ண நம் மனம் ஒப்பவில்லை.

பிற்பகலில் தஞ்சோங் டாவாய் சென்றோம். மெர்போக் ஆறு கடலொடு கலக்கும் முகத்தில் உள்ள மீனவர் ஊர் அது. அங்கே சண்டி எதுவும் இல்லை. படகுகள் நின்றன, எதிர்க்கரைப் பந்தாய் மெர்டேக்காவுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் படகும் நின்றது, கரையெங்கும் கருவாடு உலர்ந்துகொண்டிருந்தது. ஆயினும் அன்று கண்டவற்றுள் இவ்விடத்திலேதான் கடாரம் முழுமையாகக் கண்ணுக்குத் தெரிந்தது என்போம். முன்னே திறந்த கடல். பக்கத்தில் அலையடங்கிய ஆற்றுமுகம். இரு மருங்கும் கண்டற் காடு. பின்னே ஜெராய் மலை. தென்மேற்குக் காற்றில் வந்த கப்பல் இம்மலையைக் குறி வைத்து உள்ளே நுழைந்து, பண்டம் இறக்கி, மரமும் இரும்பும் ஏற்றி, வடகிழக்குக் காற்று எழும் வரை திங்கள் கணக்கில் காத்துக் கிடந்திருக்கும். காத்துக் கிடந்தவருக்குச் சோறு வேண்டும், துணை வேண்டும், கும்பிட ஓரிடமும் வேண்டும். ஓடைக்கரையில் நாம் கண்ட அச்சிறு கோயில் அத்தகையோர்க்கும், அவர்களோடு வாணிகம் செய்து கலந்து வாழ்ந்த இவ்வூரார்க்கும் பொதுவாய் நின்றிருக்கலாம் என்று அக்கரையில் நின்றபோது நமக்குத் தோன்றிற்று.

மாணவர்கள் கால் நனைக்கச் சென்றனர். ‘கடல் புறா’ இளைஞர் வழிகாட்டியிடம் மணிக்கிராமத்தார் யார், தக்குவாபாவுக்கு எவ்வழியே செல்வது என்று கேட்டுக்கொண்டிருந்தார். பெரியவர் நெத்திலிக் கருவாடு அரைக் கிலோ வாங்கினார்.

பஸ் புறப்படும் சமயத்தில் அவர் வழிகாட்டியை அழைத்துத் தம் பழைய தோட்டத்தின் பெயரைக் கூறி, லயத்துக்குப் பின்னாலிருந்த அந்த மேட்டுக்கும் ஓர் எண் உண்டோ என்று கேட்டார். வழிகாட்டி பையிலிருந்த வரைபடத்தை விரித்து, விரலை ஓட்டி, நெடுநேரம் தேடினார். பின்னர் ஒரு புள்ளியைக் காட்டி, அதன் அருகில் இருந்த எண்ணைச் சொன்னார். பெரியவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. நம் பேனாவை வாங்கி, கருவாட்டுப் பொட்டலத்தின் மேலேயே அவ்வெண்ணை எழுதித் தரும்படி கேட்டுக்கொண்டார்.